உருண்டையாகவே இருந்தன

ஆய்வகத்தில் அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

தட்டில் இருந்த செல்கள் அத்தனையும் ஜவ்வரிசி போல உருண்டையாக, மினுக்கிக்கொண்டு கிடந்தன.

உருண்டையாக இருக்கும்வரை அவை வளராது. தட்டின் அடியை ஒட்டிப் பிடித்து, பரந்து, தட்டையாக வேண்டும். அப்புறம்தான் ஒன்று இரண்டாகும்.

நேற்றே பரந்திருக்க வேண்டும்.

மோனிஷாவுக்கு ஆறு வயது. சுண்ணாம்புப் பாக்கெட்டை அமுக்கி விளையாடியபோது அது வெடித்து வலது கண் வெந்துபோனது. நல்ல கண்ணின் ஓரத்தில் எள்ளளவு கிள்ளி எடுத்து, வெந்த கண்ணில் வைக்க வளர்க்கும் செல்கள் இவை. இன்னொரு முறை அந்த நல்ல கண்ணில் கைவைக்க மாட்டேன் என்று சர்ஜன் சொல்லிவிட்டார்.



தட்டைக் கதகதப்பாக வைக்கும் இன்குபேட்டருக்குள் வைத்து மூடினாள். கை கைப்பிடியை விடவில்லை.

இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்தால் என்ன?

நேற்றிலிருந்து இப்படித்தான். வெளியே எடுக்க எடுக்கத் தட்டு குளிரும், ஆடும். ஒட்டப் போன செல் பிடியை விட்டுவிடும். புதிதாக வரும் மாணவர்களிடம் இதைச் சொல்லித் திட்டுபவளே அவள்தான். வெட்கமாக இருந்தது.

பூட்டினாள். சாவியோடு வெளியே வந்தாள்.

பெஞ்சில் இருந்த மோனிஷாவின் அப்பா தவசி எழுந்து நின்றார்.

"ஒட்டிக்கிருச்சாம்மா?"

"நான்தான் பாத்துப் பாத்தே கெடுத்துக்கிட்டு இருக்கேண்ணே. சாயங்காலம் வரைக்கும் இத வச்சுக்கங்க. நானே வந்து கேட்டாலும் குடுத்துறாதீங்க."

சாவியைச் சட்டைப்பையில் போடப் போனவர் நிறுத்தினார். அந்தச் சுண்ணாம்புப் பாக்கெட் இருந்த பை அது.

சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

மத்தியானம் அவள் போய்க் கேட்டே விட்டாள்.

அவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவருக்கும் பார்க்க வேண்டும்போல இருந்தது, முகத்தில் தெரிந்தது.

சாயங்காலம் கொடுத்தபோது அவர் உள்ளங்கையில் சாவியின் பற்கள் பதிந்திருந்தன.

குனிந்தாள்.

உருண்டை. உருண்டை. உருண்டை.

ஓரத்தில் ஒன்று அப்படி இல்லை. ஆஃப்பாயில் மாதிரி தட்டையாகப் பரந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று அப்போதுதான் கால் நீட்டிக்கொண்டிருந்தது.

மற்றவற்றையும் தேடிப் பார்க்கத் துடித்தாள்.

பார்க்கவில்லை. தட்டை உள்ளே வைத்துப் பூட்டினாள்.

வெளியே தவசி நின்றிருந்தார். கேட்கப் பயந்தார்.

அவள் சாவியை மறுபடி அவரிடம் நீட்டினாள்.

அவர் இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டார்.