நான்காவது மருத்துவர்

சரியாகத் தூங்கி ஏழு மாதமாகிறது. அதற்குள் மூன்று மனநல மருத்துவர்களை மாற்றிவிட்டேன்.

"இவரும் சரியில்லைன்னு சொன்னே, இனிமே நான் கூட வரமாட்டேன்டா," என்றாள் அக்கா.

நான்காமவரின் வரவேற்பறையில் படிவம் தந்தார்கள்: முன்பு பார்த்த மருத்துவர்கள், அவர்களை விட்ட காரணம். ஒருவர் போனையே பார்த்தார். ஒருவர் தன் மாமியாரைப் பற்றிப் புலம்பினார். மூன்றாமவர் எதற்கெடுத்தாலும் "அப்படியா?" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

வரவேற்பாளர் முறைத்தார். "எங்க டாக்டர் பேரையும் ஏன் சார் எழுதியிருக்கீங்க?"

நான்காவது வரியில் இவர் பெயர் இருந்தது. என் கையெழுத்துதான். காரணம்: 'திரும்ப எழுப்பவில்லை.'

"நான் எழுதலக்கா!"

"பாக்கறதுக்கு முன்னாடியே குறையா? போடா உள்ளே."

மருத்துவரின் குரல் இதமாக இருந்தது. ஏழு மாதத்தில் முதல்முறையாக எனக்குக் கொட்டாவி வந்தது.