நடுங்காத கை

கை நடுக்கத்துக்கு மரியபுஷ்பம் பார்க்காத வைத்தியம் இல்லை. எண்ணெய் தேய்த்தாள், மணிக்கட்டில் மணல் பை கட்டினாள், காப்பியைக்கூட விட்டுப் பார்த்தாள். கை அதன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பிடித்துப்போனது பக்கத்து வீட்டு ஷர்மிளாவின் கைக்குழந்தைக்கு மட்டும்தான். மாலையானால் வீறிடும் அவனைத் தட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. முதுகில் கையை வைத்தால் போதும், மற்றதை நடுக்கம் பார்த்துக்கொள்ளும். கடைசியில் புது டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைக்குக் கை அடங்கியது. அன்று காலை டம்ளரின் விளிம்புவரை காப்பி ஊற்றி, ஒரு சொட்டு சிந்தாமல் வாசல்வரை நடந்துபோய்த் திரும்பி வந்து குடித்தாள். மாலையில் ஷர்மிளா வந்தாள். "நீங்க கை வச்சாத்தான்க்கா இவன் தூங்குறான்." மரியபுஷ்பம் கையை வைத்தாள். குழந்தை அழுதான். தட்டிக்கொடுத்தாள், இன்னும் அழுதான். ஷர்மிளா பால் ஆற்றப் போன நேரத்தில், வேண்டுமென்றே கையை நடுக்கிப் பார்த்தாள். இத்தனை வருஷம் நில் என்றால் நிற்காத கை, இப்போது ஆடு என்றால் ஆடத் தெரியாமல் பொய்யாகக் குலுங்கியது. குழந்தை அழுகையை நிறுத்தி, தலையைத் திருப்பி, யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான். பிறகு முன்னைவிடச் சத்தமாக அழுதான். "பல்லு முளைக்குதோ என்னவோக்கா" என்று ஷர்மிளா தூக்கிக்கொண்டு போனாள். விளக்குப் போட்டதும் மரியபுஷ்பம் அடுத்த மாத்திரையை எடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை ஓயவில்லை. விரித்த உள்ளங்கையில் மாத்திரை உருளாமல் கிடந்தது.