நெருப்பு உருண்டை

"இதைப் படிக்கணும்னா அதைப் படிச்சிருக்கணும். அதைப் படிக்கணும்னா, மேல் தட்டுல இருக்கு பாருங்க, அதை வாங்கியிருக்கணும்."

கடைக்காரர் சொல்லச் சொல்ல, கதைக்காரம்மாவுக்குத் தலை கிறுகிறுத்துச்சு.

"மேல் தட்டுல இருக்கறதைப் படிக்கணும்னா?"

"அதுக்கு இது வேணும்."

அவர் விரல் சுத்திட்டு முதல் புத்தகத்துக்கே வந்து நின்னுது.

கதைக்காரம்மா மத்த நாள்ல பல் டாக்டர்கிட்ட டோக்கன் குடுக்கறவங்க. சனிக்கிழமை சாயங்காலம் ஆனா ராட்சசன், ராஜகுமாரி, பாழடைஞ்ச கோட்டைன்னு கதை கட்ட ஆரம்பிச்சுடுவாங்க. எலக்ட்ரீஷியனும் பேக்கரிக்காரரும் அந்தக் கதைக்குள்ள ஆளா புகுந்து விளையாடுவாங்க. எலக்ட்ரீஷியன் மந்திரவாதி. பேக்கரிக்காரர் வாள் வீரர். செத்தாங்களா பொழைச்சாங்களான்னு இருபது முகப் பகடை சொல்லும். அஞ்சு வருஷமா இதே கூத்து.

புதுக் கதைக்கு ஒரு விளையாட்டுப் புத்தகம் வாங்கலாம்னு மூணு பேரும் வந்திருந்தாங்க. ஒண்ணே ஒண்ணு. கடைக்காரர் இறக்கி வச்சது பதினேழு.

"கடல் ராஜ்ஜியமா, பாதாள நகரமா? ஒண்ணுமே புரியலையே" – கதைக்காரம்மா.

எலக்ட்ரீஷியன் ஒரு தலைகாணி சைஸ் புத்தகத்தை ரெண்டு கையால தூக்கி, மேஜை மேல தொப்புனு போட்டார்.

"இதாங்க்கா வேணும்! எண்ணூறு மந்திரம்!"

"உனக்கு எதுக்குப்பா எண்ணூறு? நீ போடறது ஒண்ணே ஒண்ணு."

பொய்யில்ல. கதவு பூட்டியிருக்கா? நெருப்பு உருண்டை. பாலம் உடைஞ்சிருக்கா? நெருப்பு உருண்டை. போன மாசம் ராணி விருந்துக்குக் கூப்பிட்டா. வாசல்ல காவக்காரன் "யாருங்க?"னு மரியாதையாத்தான் கேட்டான். அவ்வளவுதான். அரண்மனை, விருந்து, மூணு வாரமா கதைக்காரம்மா முதுகு ஒடிய எழுதின கதை, எல்லாம் சாம்பல்.

"மந்திரவாதின்னா கொஞ்சம் சூடாத்தாங்க்கா இருப்பான்" – எலக்ட்ரீஷியன் காலரைத் தூக்கி விட்டுகிட்டார்.

"இந்தக் கதையையாவது எரிக்காம விடுப்பா. இனிமே எழுத என்கிட்ட தெம்பு இல்ல."

அப்பத்தான் பேக்கரிக்காரர் மூலையிலேர்ந்து ஒல்லியா ஒரு புத்தகத்தை எடுத்துட்டு வந்தார். அட்டையில கொட்டை எழுத்துல: 'முதல் தடவை விளையாடறவங்களுக்கு.'

எலக்ட்ரீஷியன் விழுந்து விழுந்து சிரிச்சார். அப்புறம் குரலை மாத்திகிட்டு, வயித்தை முன்னால தள்ளிகிட்டு, பேக்கரிக்காரர் மாதிரியே பேச ஆரம்பிச்சுட்டார்.

"'ஏம்மா, பகடையை உருட்டினப்புறம் எதைக் கூட்டணும்? ஏம்மா, இந்த மந்திரத்தை எத்தனை தடவை போடலாம்?' வாரம் தவறாம இதே கேள்வி! வாள் பிடிக்கிற ஆளுக்கு மந்திரம் எதுக்குண்ணே? அஞ்சு வருஷம் கழிச்சு அரிச்சுவடியா?"

கடைக்காரரே வாயைப் பொத்திகிட்டு சிரிச்சார்.

பேக்கரிக்காரர் அசையல. "இதுதாம்மா வேணும். இதை வாங்கலேன்னா அடுத்த வாரத்துலேர்ந்து நான் வரல."

கதைக்காரம்மாவுக்குத் திக்குனு ஆச்சு. பன்னு கருகினாக்கூட குரல் உசத்தாத மனுஷன். இவருக்கு என்ன வந்துச்சு? இவர் நின்னுட்டா ஆட்டமே நின்னுடும். கதை சொல்ல ஒருத்தர், கொளுத்த ஒருத்தர்னா அது விளையாட்டா? தீ விபத்து.

"என்னண்ணே, சின்னப் பிள்ளையாட்டம்!" – எலக்ட்ரீஷியன்.

"சின்னப் பிள்ளைன்னே வச்சுக்கங்க."

கடல் ராஜ்ஜியத்தைப் பெருமூச்சோட தட்டுல திரும்ப வச்சுட்டு, கதைக்காரம்மா ஒல்லிப் புத்தகத்தை வாங்கினாங்க. வாசலுக்கு வந்ததும் பேக்கரிக்காரர் அதை எலக்ட்ரீஷியன் கையில திணிச்சார்.

"தம்பி, ஒரு வாரம் நீங்க வச்சிருங்க. என்கிட்ட இருந்தா மாவு ஒட்டிக்கும்."

"தலையெழுத்து! உங்க அரிச்சுவடியை நான் சுமக்கணுமா?"

முனகிகிட்டே ஸ்க்ரூடிரைவர் பையில போட்டுகிட்டார்.

அடுத்த சனிக்கிழமை. "உங்க முன்னால ஒரு இரும்புக் கதவு. பூட்டியிருக்கு"ன்னு சொன்ன கையோட, கதைக்காரம்மா நோட்டை மூடி வச்சுட்டாங்க. எரியப்போற கதைக்கு நோட்டு ஒரு கேடா?

எலக்ட்ரீஷியன் தொண்டையைச் செருமினார். "பூட்டு திறக்கற மந்திரம் போடறேன்."

"என்னது?"

"பூட்டு திறக்கற மந்திரம்க்கா. சத்தமே வராது. அப்புறம்... மெதுவா எட்டிப் பாக்கறேன்."

கதைக்காரம்மா அவசர அவசரமா நோட்டைத் திறந்தாங்க. அஞ்சு வருஷத்துல, ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு அவங்க சொல்றது இதுதான் முதல் தடவை.

பேக்கரிக்காரர் வாயைப் பிளந்தார். "அட! அப்படி ஒண்ணு இருக்கா தம்பி? எனக்குத் தெரியாதே!"

"அடம்பிடிச்சு வாங்கினா ஆச்சாண்ணே? படிக்கணும்!"

ஆட்டம் முடிஞ்சு எலக்ட்ரீஷியன் விசிலடிச்சுகிட்டே கிளம்பிப் போனார். கதைக்காரம்மாவுக்கு இன்னும் குழப்பம் தீரல.

"ஏண்ணே, அவ்வளவு சண்டை போட்டு வாங்கினீங்க. புத்தகம் அவர் பையிலயே கிடக்கு. கேட்டு வாங்கிக்க வேண்டியதுதானே?"

"இருக்கட்டும்மா." பேக்கரிக்காரர் பகடையை ஒண்ணொண்ணா டப்பாவுல போட்டார். "பூட்டு மந்திரம் பதினாலாம் பக்கம். தம்பிக்கு இன்னும் ஐம்பது பக்கம் பாக்கி இருக்கு."