ராசியான கை

வெந்த இரும்பைத் தண்ணீரில் முக்கும் தொட்டிக்குள் அன்றைக்கும் ஒரு பல்சக்கரம் விரிசல் விட்டது. "புருசனத் தின்னவ கை பட்டா இரும்பும் வெடிக்குமுங்க," என்றான் மேஸ்திரி பொங்கியண்ணன். முதலாளி தலையாட்டினார். "ருக்குமணி, நாளையிலிருந்து உலைப்பக்கம் வராத. கூட்டிப் பெருக்கு, போதும்."

ருக்குமணி இடுக்கியைக் கீழே வைக்கவில்லை. சாதா இரும்பு தண்ணீரைத் தாங்கும், குரோமியம் கலந்த இது எண்ணெயில்தான் நிதானமாக ஆறவேண்டும் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்திருந்தது. எண்ணெய் விலை ஏறியதிலிருந்து முதலாளிக்குக் காது கேட்பதில்லை.

செக்கச்செவேலென்றிருந்த சக்கரம் ஒன்றை உலையிலிருந்து எடுத்து, இடுக்கியோடு அவர் கையில் திணித்தாள். "உங்களுது ராசியான கையிங்களாச்சே. நீங்களே முக்குங்க."

பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அத்தனை பேருக்கு முன்னால் மறுக்க முடியாமல் அவர் முக்கினார். தண்ணீர் சீறி அடங்கியது. பிறகு தொட்டிக்குள்ளிருந்து, யாரோ விரல் சொடுக்கியதுபோல, டிக்கென்று ஒரு சத்தம்.

ருக்குமணி இன்னொரு இடுக்கியால் அடுத்த சக்கரத்தைக் கவ்வி, நெருப்புச் சூட்டோடு பொங்கியண்ணனிடம் நீட்டினாள்.

"நீங்க வாங்க மேஸ்திரி. உங்க பொண்டாட்டி உசுரோட நல்லாத்தான இருக்குது?"