தண்ணீர் ஏறும் நேரம்

அவள் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கடல்தண்ணீர் ஆற்றுக்குள் ஏறும்?

படகுக்காரர் பெர்க்மான்ஸ் முதலில், பேசுவது யார் என்று கேட்டார்.

சொன்னாள்.

"கோமதிநாயகம் சார் வீட்லயா? சார் நல்லாருக்காகளா? புன்னைக்காயல் பக்கம் வந்து வருசக்கணக்காச்சேக்கா. மீன் பிடிக்கறதையே விட்டுட்டாகளோன்னு நெனச்சேன்."

ஆவணியில்கூட அவர் வந்தாரே என்று சொல்ல வாயெடுத்தாள்.

சொல்லவில்லை.

"சனிக்கெழம வெடியக்காலம் தண்ணி ஏறும்க்கா. வெயில் வந்துட்டா வத்திரும். வெரசா வந்தா கொடுவா மீன் கெடைக்கும். படகு போட்டு வைக்கட்டா?"

"வைங்க" என்றாள்.



மகள் கல்லூரி விடுதிக்குப் போனபிறகு பாளையங்கோட்டை வீட்டில் அவனும் அவளும்தான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவன் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்புவான். மறுநாள் மீனோடு வருவான். எத்தனையோ வருடமாக அப்படித்தான்.

இந்தத் தடவை நானும் வாரேன் என்று அவள் கேட்டாள். கல்யாணமான புதிதில்கூடக் கேட்காததைக் கேட்டாள்.

புரட்டாசி முழுக்க வீட்டில் மீன் வாசனை இல்லை. ஐப்பசி பிறந்து முதல் சனிக்கிழமை போவதாகப் பேச்சு.

மழை இல்லையென்றால் மருதூர் அணைக்கட்டு. மண்புழு போட்டால் கெண்டை கிடைக்கும், மரநிழலில் உட்காரலாம். மழை பெய்தால் ஆறு கலங்கிவிடும், அங்கே மீன் கடிக்காது என்றான் அவன். அப்படியென்றால் புன்னைக்காயல் கழிமுகத்துக்குப் போவோம், ஆறு கடலில் சேருவதை நான் பார்த்ததே இல்லை என்றாள் அவள்.

"அங்க தண்ணி ஏறுற நேரம் தெரியணும். சும்மா போயிர முடியாது."

அதனால்தான் பெர்க்மான்ஸைக் கூப்பிட்டாள். நம்பர் அவனுடைய பழைய டைரியில் இருந்தது.

போனை வைத்துவிட்டு அவனுடைய பையைத் திறந்தாள்.

தூண்டில் முட்கள் ஒன்றோடொன்று துருவேறி, ஒரே கட்டியாகக் கிடந்தன.

அப்போதுதான் மீன்கள் நினைவுக்கு வந்தன. கண் குழிந்த மீன்கள். விரல் பட்டால் வயிறு அமுங்கும். ஐஸில் வைத்திருந்தேன், அதான் என்பான். அவள் செதில் எடுத்து, கழுவி, குழம்பு வைப்பாள். பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுப்பாள்.

எங்க வீட்டுக்காரர் பிடிச்சது என்று சொல்லித்தான் கொடுப்பாள்.

சாயங்காலம் அவன் ஆபீசிலிருந்து வந்தான். காப்பி கொடுத்தாள். பாதி குடிக்கும்வரை காத்திருந்தாள்.

"வெடியக்காலம் ஏறுமாம்."

"என்னது?"

"தண்ணி. பெர்க்மான்ஸ் சொன்னாரு."

அவன் தம்ளரைக் கீழே வைத்தான்.

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். அது கிளம்பிப் போயிற்று.

"யாரு அவ?" என்றாள்.

"யாருமில்ல."

"பொய் சொல்லாதீங்க."

"புள்ள மேல சத்தியமா யாருமில்ல. திருச்செந்தூர்ல ஒரு லாட்ஜு. ரூம் போட்டுப் படுத்துக் கெடப்பேன்."

"கோயிலுக்கா போறீங்க?"

"இல்ல."

"கடலுக்கு?"

"அதுக்கும் இல்ல. கதவச் சாத்திக்கிட்டு சும்மா கெடப்பேன். யாரும் கூப்பிட மாட்டாக. யாரும் பேச மாட்டாக. மறுநா மார்க்கெட்ல மீன் வாங்கிட்டு வந்துருவேன்."

அவன் பொய் சொன்னால் அவளுக்குத் தெரியும் என்று இதுநாள்வரை நினைத்திருந்தாள். அந்த நினைப்பு மதியமே போயிற்று.

ஆனாலும் இது உண்மை. கேட்டவுடன் தெரிந்தது.

அதுதான் தாங்கவில்லை.

ஒருத்தி இருந்திருந்தால் தேடிப் போயிருக்கலாம். அவள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். அண்ணன்மாரைக் கூப்பிட்டிருக்கலாம். அவளைவிட நான் எதில் குறைச்சல் என்று அழுதிருக்கலாம்.

காலி அறையிடம் போய் என்ன கேட்பது?

அந்த அறையில் அப்படி என்னதான் இருந்தது?

பெண்டாட்டி அங்கே இல்லை. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் சமைத்தாள். அவன் சாப்பிட்டான். உப்பு தூக்கலாக இருந்த அன்றும் தட்டைத் தள்ளாமல் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை புது முட்கள் வாங்கி வந்தான். இரைக்கு ஒரு பொட்டலம் இறாலும் வாங்கி வந்தான். கூடத்தில் உட்கார்ந்து தூண்டில் நரம்பை நீட்டி ஒவ்வொரு முள்ளாகக் கட்டினான்.

"நாளைக்கு வெள்ளனக் கெளம்பிருவோம்" என்றான். "கழிமுகத்துக்கே போவோம். நீ பாத்ததில்லன்னு சொன்னேல்லா."

குரலில் குறையொன்றும் இல்லை. முகம்தான் பல் பிடுங்கப் போகிறவன் முகமாக இருந்தது.

அவள் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். படகில் எதிரே உட்கார்ந்து வெயில் வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்தாள்.

"நான் வரல" என்றாள். "நீங்க லாட்ஜுக்கே போங்க."

வேண்டாம் என்பான். அப்படியெல்லாம் பேசாதே என்பான். கோபப்பட்டு ஒரு வார்த்தை கத்தினால்கூடப் போதும். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் தலையைத் தூக்கினான்.

அந்த முகம் அவளுக்குத் தெரியும். மகள் பிறந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில், பிள்ளையை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது இருந்த முகம்.

"நெசமாவா?" என்றான்.