நகத்தூள்

அழைப்பு மணி அடித்தபோது லாரியின் பக்கவாட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கதவுத் துவாரத்தில் பார்த்தேன். மாமியார். கையில் மடித்த காலிப் பைகள்.

மகளின் துணிமணிகளை எடுத்துப்போக வருவதாகச் சொல்லியிருந்தார். எனக்குத்தான் கிழமை தவறிவிட்டது.

லாரியை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் லாரி. கடையில் வாங்கியபோது அதன் முன்கூண்டில் ஓட்டுநர் உட்கார மட்டும்தான் இடம். பின்னால் அவர் படுக்க ஓர் அறை சேர்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டைரீன் என்ற வெள்ளை பிளாஸ்டிக் தகட்டில் கத்தியால் கோடு கிழித்து மடக்கினால் டக்கென்று உடையும். உடைத்ததைப் பசையால் ஒட்டி, ஒட்டிய தடம் மறையும்வரை தேய்க்க வேண்டும். மறைந்ததா என்று கண் சொல்லாது. நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும்.

“ஓடாத லாரிக்கு பெட்ரூம் வேறயா? டிரைவர் பொண்டாட்டி எங்க படுப்பா?” என்று இருந்தவரை கேலி செய்வாள் என் மனைவி.

அவள் போனபின் நான் முழு மனதாகச் செய்தது இது ஒன்றுதான். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் திறந்த கதவு வழியே பார்த்துவிட்டார். படியிறங்கும்போது தன் மனைவியிடம் சொன்னது கேட்டது: “பொண்டாட்டி போன ஈரம் காயல. பொம்மை வெச்சு விளையாடுறான்.”

அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் தேய்த்தேன்.

மணி மறுபடியும் அடித்தது. லாரியைச் சமையலறை அலமாரிக்குள் தள்ளினேன். மேசையை ஈரத்துணியால் துடைத்தேன். தேய்த்துக்கொண்டிருந்த அரம் மட்டும் கையிலேயே இருந்தது. ஓடிப்போய் அதை அவளுடைய டிரெஸ்ஸிங் டேபிள் டிராயரில் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன்.

“தூங்கிட்டிருந்தீங்களா மாப்பிள்ளை?”

“ஆமா அத்தை.”

அத்தை படுக்கையறைக்குப் போனார். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஹேங்கர்கள் உரசும் சத்தம். டிராயர் திறக்கும் சத்தம். பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

வெளியே வந்தபோது அவர் கையில் அந்த நக அரம் இருந்தது. ரோஸ் நிறப் பிடி. சொரசொரப்பு முழுக்க வெள்ளைத் தூள் அடைந்திருந்தது.

“இது அவளோடதா?”

அவளுடையதுதான். நகம் கடிக்கிறாளே என்று நான்தான் வாங்கிக் கொடுத்தேன். “சொந்தப் பல்லு இருக்கறப்ப இது எதுக்கு?” என்று உறையைக்கூடப் பிரிக்காமல் போட்டுவைத்தாள். போன வாரம் உப்புத்தாள் தீர்ந்துவிட்டது. உறையைக் கிழித்தவன் நான்.

“அவளோடதுதான் அத்தை.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தூளைத் தொடப்போன விரல், உதிர்ந்துவிடுமோ என்று நின்றது.

“அப்ப, நகம் கடிக்கறத விட்டுட்டாளா?”

சின்ன வயதில் கசப்பு மருந்து தடவியும், கையுறை மாட்டியும், கடைசியில் அடித்தும் பார்த்தவர் அவர். பயம் வந்தால் கடிப்பாள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று திருமணத்தன்று என்னைத் தனியே அழைத்துச் சொன்னவர். பிறகு மூத்த மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போனார். சேதி கேட்டு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மகளின் கையை அவர் மறுபடி பார்க்கவேயில்லை.

இது பிளாஸ்டிக் தூள் அத்தை என்று சொல்லியிருக்க வேண்டும்.

சொன்னால் லாரியைக் காட்ட வேண்டும். அதனால்தான் சொல்லவில்லை. அவர் மனம் நோகக் கூடாது என்பதெல்லாம் பிற்பாடு தோன்றியது.

“விட்டுட்டா அத்தை.”

“இங்க பயமில்லாம இருந்தா, இல்லையா?”

“ஆமா.”

கைக்குட்டையை விரித்து, அரத்தை அதில் படுக்கவைத்து, தூள் சிந்தாமல் மடித்தார். பிறகு என் கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். “பெத்தவளால முடியாதத நீங்க செஞ்சிருக்கீங்க.”

என் நகக்கண்களிலும் அதே வெள்ளை. கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. இழுக்கவில்லை.

அவர் மாமாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “என்னங்க, நம்ம பொண்ணு நகம் கடிக்கறத விட்டுட்டாளாம். மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்க.”

“ஆமா மாமா,” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “நீளமா வளர்த்து, கலர்கூடப் பூசியிருந்தா.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது.

“ஆமாமா,” என்றார் மாமா. “நானும் பாத்தேனே. அழகா இருந்துச்சு. உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்.”

“நல்லா மறந்தீங்க! இதெல்லாம் மறக்கற விஷயமா?” அத்தை அவரைத் திட்டிக்கொண்டே சிரித்தார். அவள் போனபின் அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் கடைசிவரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் மாமா. துடிப்பு பார்க்கும் கிளிப்பை நர்ஸ் அவள் விரலில் மாட்ட வந்தபோது, நுனியெல்லாம் கடிச்சுக் கடிச்சுப் புண்ணும்மா, காதுல மாட்டுங்க என்று கெஞ்சியவரும் அவர்தான்.