ராமசுப்பு வைத்த தண்ணீர்ப் பந்தல்

“பிளாஸ்டிக் குடம் விக்கிற கடை வாசல்ல மண்பானையா?”

ராமசுப்பு காலால் உதைத்ததில் அழகுத்தாயின் பானைகள் நொறுங்கின. அவள் ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டு தெருவின் எதிர்ப்பக்கம் போய்க் கடை விரித்தாள்.

சித்திரை பிறந்தது. கோவில்பட்டி கொதித்தது. ஆட்டோ ஓட்டும் இசக்கிபாண்டி ராமசுப்பு கடைக்கு வந்தார்.

“அண்ணாச்சி, ஒங்க பேர்ல வாசல்ல ஒரு தண்ணிப் பந்தல் போடுங்க. கூட்டம் அம்மும். பானை நான் கொண்டாந்து தாரேன்.”

ராமசுப்புவுக்கு இனித்தது. பெயர்ப் பலகையோடு பந்தல் எழுந்தது.

கூட்டம் அம்மத்தான் செய்தது. ஆனால் குடித்தவர்கள் எல்லாரும், “என்னமா குளுந்து கெடக்கு! இந்தப் பானை எங்க கெடைக்கும் அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தார்கள்.

ராமசுப்புவுக்கு வயிறு எரிந்தது. “பந்தலப் பிரிச்சிரும்வே!”

“கோடையில தண்ணிப் பந்தலப் பாதியில பிரிச்சா வம்சத்துக்கு ஆகாது அண்ணாச்சி,” என்றார் இசக்கிபாண்டி.

“அப்ப ஒம்ம பானையத் தூக்கிட்டுப் போரும். நம்ம குடத்துலயே தண்ணி வைக்கேன்!”

உச்சி வெயிலில் முதல் ஆள் ஒரு வாய் குடித்துத் துப்பினார்.

“வெந்நியால்லா இருக்கு! பிளாஸ்டிக் நாத்தம் வேற. இதையா அண்ணாச்சி விக்கிதீய?”

கடைக்குள் குடம் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் அதைக் கீழே வைத்துவிட்டு வெளியேறினார்கள்.

இசக்கிபாண்டி பானைகளை ஆட்டோவில் ஏற்றி எதிர்ப்பக்கம் இறக்கினார்.

“ஏட்டி, நீ சொன்ன மாதிரியே நடந்துட்டு.”

அழகுத்தாய் தன் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள்.

“பானை விக்கணும்னா தெருத்தெருவாக் கூவியே வித்திருப்பேன். அவர் குடத்த அவர் கையாலயே அந்த வாசல்ல வைக்கணும்னுதான் பந்தல் போடச் சொன்னேன்.”